மயிற்பொறி பறக்குமா?

போன வருஷம் கணியம்பாடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்து அறிவியல் கண்காட்சிக்கு என்னை நடுவராகக் கூப்பிட்டிருந்தார்கள். மூன்று நடுவர்கள், முப்பது நாற்பது மேசைகள். வழக்கமான எரிமலை, வழக்கமான மழைநீர் சேகரிப்பு, கைதட்டினால் எரியும் விளக்கு. அவற்றின் மேல் எனக்குப் புகார் இல்லை. மூன்று மேசைகளில்தான் மனசு மாட்டிக்கொண்டது. அந்த மூன்றையும் சொல்லிவிட்டால் என் சண்டை யாரோடு என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

முதல் மேசை மேடைக்கு நேர் எதிரே இருந்தது. பின்னால் ஆளுயர ஃபிளெக்ஸ்: ‘உலகின் முதல் விமானம் தமிழனுடையது’. மேசைமேல் தெர்மாகோலில் வெட்டி வண்ணம் அடித்த மயில், கண்ணில் எல்.இ.டி. எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி மூச்சு விடாமல் ஒப்பித்தாள். சீவக சிந்தாமணி, மயிற்பொறி, ராணி விசயை, ரைட் சகோதரர்களுக்கு ஆயிரம் வருஷம் முன்பு. முடித்ததும் கேட்டேன்: “இது பறக்குமாம்மா?” பிள்ளை டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் என்னைப் பார்த்தார். “சார், இது மாடல். கான்செப்ட்தான் காட்றோம்.”

இரண்டாவது மேசையில் டிரோன். விர்ரென்று எழுந்து மின்விசிறி உயரத்தில் போய் அசையாமல் நின்றது. மண்டபம் முழுக்கக் கைதட்டல்.

“யாருப்பா செஞ்சது?”

“நாங்கதான் சார், டீமா. கிட்டு ஆன்லைன்ல வந்தது. அசெம்பிள் பண்ணோம்.”

“அது எப்படி ஒரே எடத்துல நிக்குது?”

“ஆப்ல ஹோல்டுன்னு ஒண்ணு இருக்கு சார். அத அமுக்கணும்.”

மூன்றாவது மேசை கழிவறைக்குப் போகிற வழியில். ஒன்பதாவது படிக்கும் பையன், தனி ஆள். ஒரு முழ நீளத்தில் மூங்கில் குச்சியும் பட்டக் காகிதமும் வைத்துச் செய்த விமானம். முன்பக்கம் சின்ன இறக்கை, பின்பக்கம் பெரிய இறக்கை, விசிறி வால்பக்கத்தில். உடம்புக்குள்ளே நெடுக ரப்பர் பேண்டு. கூட வந்த நடுவர் “தலைகீழா செஞ்சு வெச்சிருக்கான் பாருங்க” என்று சிரித்தார். தலைகீழ் இல்லை. பெங்களூர் என்.ஏ.எல். 1980களில் கட்டிப் பறக்கவிட்ட எல்.சி.ஆர்.ஏ. என்ற சோதனை விமானத்தின் உருவம் அது. பையன் ஏதோ பழைய படத்தைப் பார்த்து அளவெடுத்துக் கோடு போட்டிருந்தான்.

“பறக்குமாப்பா?”

“வூட்டாண்ட ஏழு செகண்டு பறந்துச்சு சார். இங்க ஃபேன் காத்து. தெர்ல.”

விசிறியை விரலால் சுற்றினான், வாய்க்குள் எண்ணிக்கொண்டே. நூற்றிருபதில் நிறுத்தி, விட்டான். அது மூக்கைத் தூக்கியது, ஒரு கணம் அந்தரத்தில் தொங்கியது, அப்படியே மல்லாந்து யாரோ செய்த எரிமலைக்குள் போய் விழுந்தது. மண்டபமே சிரித்தது. பையன் ஓடிப்போய் எடுத்து, முன்னிறக்கையைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னான்: “மூக்கு லேசா கீது சார். களிமண்ணு பத்தல.”

அன்று அந்த மண்டபத்தில் விமானத்தைப் பற்றி யாராவது ஏதாவது தெரிந்து பேசினார்கள் என்றால் அது இந்த ஒரு பேச்சுதான்.

முதல் பரிசு டிரோனுக்கு. இரண்டாவது பரிசு மயிலுக்கு. பையனுக்குப் பங்கேற்புச் சான்றிதழ். நான் எதிர்த்துப் பேசிப் பார்த்தேன், இரண்டுக்கு ஒன்று என்று தோற்றேன். பிறகு அந்தப் பட்டியலில் நானும் கையெழுத்துப் போட்டேன். இந்தக் கட்டுரையில் இருக்கிற கோபத்தில் பாதி அந்தக் கையெழுத்தின் மேல்தான்.

*

மயிலில் ஆரம்பிப்போம்.

பழைய ஏட்டில் விமானத்தைக் கண்டுபிடிக்கிற வியாதி நம் நாட்டில் சமஸ்கிருதத்திலும் வரும், தமிழிலும் வரும். சமஸ்கிருதத்தில் அதற்குப் பேர் ‘வைமானிக சாஸ்திரம்’. பரத்வாஜ முனிவர் அருளியது, பல்லாயிரம் ஆண்டு பழையது என்பார்கள். 1974இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ஐந்து பேர் அந்த நூலை எடுத்து உட்கார்ந்து படித்தார்கள். சுப்பராய சாஸ்திரி என்பவர் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் சொல்லி எழுதவைத்த நூல் அது, 1904க்கு முற்பட்டதாக இருக்க முடியாது என்று நிறுவினார்கள். அதிலுள்ள படங்களை வரைந்தவர் பெங்களூரைச் சேர்ந்த எல்லப்பா என்ற வரைவாளர். ஐவரும் அதோடு விடவில்லை. முனிவர் எழுதினாரா இல்லையா என்பது கிடக்கட்டும், படத்தில் இருப்பது பறக்குமா என்று கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். எதுவுமே பறக்காது என்று தெரிந்தது. இது நடந்து நாற்பது வருஷம் கழித்து, 2015இல் மும்பையில் நடந்த இந்திய அறிவியல் மாநாட்டில் அதே சரக்கை மேடையேற்றினார்கள்.

நம்மாட்கள் இதைக் கேட்டால் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். மீம் போடுவார்கள். ஆனால் மயிற்பொறி என்று சொல்லிப் பாருங்கள், அதே ஆட்களுக்குக் கண் கலங்கிவிடும். நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தவன்தான். கல்லூரிக் காலத்தில் ‘தமிழன் அன்றே பறந்தான்’ என்ற பதிவை எத்தனை பேருக்குத் தட்டிவிட்டேன் என்று கணக்கில்லை. அப்போது நான் சிந்தாமணியில் ஒரு பாட்டுகூடப் படித்திருக்கவில்லை.

பிறகு படித்தேன். திருத்தக்கதேவரின் மேல் மரியாதை கூடியது, ஃபிளெக்ஸ்காரர்கள் மேல் இருந்தது போய்விட்டது. ஏன் என்றால், தேவர் அந்தப் பொறியைப் பற்றி நிஜமாகவே யோசித்திருக்கிறார். தனக்கு ஆபத்து வரும் என்று தெரிந்த சச்சந்தன் அதைச் செய்விக்கிறான். கருவுற்றிருக்கும் ராணிக்கு ஓட்டப் பழக்குகிறான். வலப்பக்கம் திருகினால் எழும், இடப்பக்கம் திருகினால் இறங்கும். அதோடு, ஓட்டுகிறவள் நினைவு தப்பினால் என்ன ஆகும் என்பதுவரைக்கும் போகிறார். கட்டியங்காரனின் வெற்றி முரசைக் கேட்டு விசயை மயங்குகிறாள், பொறி சுடுகாட்டில் போய் இறங்குகிறது. சீவகன் அங்கேதான் பிறக்கிறான்.

இதைப் படிக்கிறபோது ரப்பர் முறுக்கிப் பழகிய எவனுக்கும் கை துறுதுறுக்கும். ஆனால் துறுதுறுப்பு வேறு, ஆதாரம் வேறு. தேவர் கவிஞர். ஒரு பொறியைக் கற்பனை செய்தார், அது கீழே இறங்கும் இடத்தையும் சேர்த்தே கற்பனை செய்தார். நாம் பொறியை மட்டும் உருவிக்கொண்டு சுடுகாட்டை விட்டுவிட்டோம். அவருடைய கற்பனையை வரலாறாக்கியதில் தேவருக்கும் பெருமை சேரவில்லை, வரலாற்றுக்கும் சேரவில்லை.

அந்த எட்டாம் வகுப்புப் பிள்ளையின் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ‘பறக்குமா’ என்று அவளே கேட்டிருக்க வேண்டிய கேள்வியை அவளிடமிருந்து பிடுங்கிக்கொண்டு, பதிலாக ஒரு ஃபிளெக்ஸைக் கொடுத்தார்களே, சண்டை அவர்களோடுதான்.

*

இனி டிரோன். இங்கே நிறையப் பேர் என்னை அடிக்க வருவார்கள், தெரியும்.

டிரோன் கெட்டது என்று சொல்லவில்லை. நாலு விசிறி வைத்த அந்தச் சாமான் இயல்பாகவே நிலையில்லாதது. விட்டால் கவிழ்ந்துவிடும். உள்ளே இருக்கிற உணரிகள் சாய்வைக் கண்டுபிடித்து, நொடிக்குப் பல நூறு தடவை விசிறிகளின் வேகத்தை மாற்றி மாற்றி அதை நிமிர்த்தி வைக்கின்றன. அந்த நிரலை எழுதிய ஆளுக்கு நான் கும்பிடு போடுவேன். ஆனால் பரிசு வாங்கிய பிள்ளைகள் அதை எழுதவில்லை, எழுத முடியும் என்றுகூட யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. எட்டு திருகாணியை முடுக்கினார்கள், ஒரு பட்டனை அமுக்கினார்கள். இதற்கு நாம் வைத்திருக்கும் பேர் ‘இன்னொவேஷன்’. எந்த எஞ்சினீயரிங் காலேஜுக்குள் வேண்டுமானாலும் போய் இறுதியாண்டு புராஜெக்டுகளைப் பாருங்கள். எத்தனை செய்தது, எத்தனை கடையில் வாங்கிப் பேர் ஒட்டியது என்று அங்கே படிக்கிற பிள்ளைகளே சொல்வார்கள், சிரித்துக்கொண்டே.

மயில்காரர்களும் கிட்காரர்களும் ஒருவரை ஒருவர் ஏளனம் செய்துகொள்கிறார்கள். அவர் இவரைப் பழமைவாதி என்பார், இவர் அவரை வேரற்றவன் என்பார். எனக்கு இரண்டு பேரும் ஒரே ஆள். ஒருத்தருக்கு விமானம் பாட்டன் செய்து முடித்தது, இன்னொருத்தருக்கு எங்கோ தூரத்து ஃபேக்டரி செய்து முடித்தது. ‘மூக்கு லேசா கீது’ என்று சொல்லவேண்டிய நிலைமை இரண்டு பேருக்கும் வரவே வராது.

*

அந்தப் பையன் விளையாட்டுச் சாமான் செய்துகொண்டிருந்தான் என்றார் கூட வந்த நடுவர். ஆமாம், விளையாட்டுச் சாமான்தான். அதன் வரலாற்றைக் கொஞ்சம் கேளுங்கள்.

1871 ஆகஸ்டில் பாரீஸ் நகரத்துத் துய்லரி தோட்டத்தில், அல்போன்ஸ் பெனோ என்ற இருபத்தொரு வயது வாலிபன் முறுக்கிய ரப்பரால் ஓடும் ஒரு சின்ன விமானத்தைப் பறக்கவிட்டான். எடை 16 கிராம். பதினொரு விநாடி பறந்தது. இறக்கை, அதற்குப் பின்னால் வாலிறக்கை, எடையின் மையம் எங்கே இருக்கவேண்டும் என்ற கணக்கு: யாரும் கையால் திருத்தாமலே நேராகப் பறப்பதற்கு என்ன வேண்டும் என்பதை அந்த 16 கிராமில் காட்டிவிட்டான். பெரிய விமானத்துக்குத் திட்டம் போட்டு 1876இல் காப்புரிமையும் வாங்கினான். கட்டுவதற்குப் பணம் தர ஆளில்லை. 1880இல் முப்பது வயதில் தற்கொலை செய்துகொண்டான். விளையாட்டுச் சாமான் என்று சிரிக்கிறவர்கள் இதையும் தெரிந்துகொண்டு சிரிக்கட்டும்.

பெனோ செய்த இன்னொரு சாமான் ரப்பரில் மேலெழும் குட்டி ஹெலிகாப்டர். அதன் வழியில் வந்த பொம்மை ஒன்றை 1878இல் அமெரிக்காவில் ஒரு பாதிரியார் தன் இரண்டு மகன்களுக்கு வாங்கி வந்தார். வில்பர், ஆர்வில். பொம்மை உடைந்ததும் பையன்கள் அதைப் பார்த்துத் தாங்களே செய்தார்கள். இன்னும் பெரிசாகச் செய்தார்கள். பெரிசாகச் செய்யச் செய்ய அது பறக்கவில்லை. ஏன் என்று அப்போது புரியவில்லை. அளவை இரண்டு மடங்காக்கினால் சக்தி எட்டு மடங்கு வேண்டும் என்பது பிற்பாடு புரிந்தது என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். நம்மூர்க் கண்காட்சியாக இருந்தால் அந்தப் பெரிய ஹெலிகாப்டருக்கும் பங்கேற்புச் சான்றிதழ்தான் கொடுத்திருப்போம்.

1977இல் மனிதன் தன் கால்பலத்தால் மட்டுமே பறக்கும் விமானத்தை வெற்றிகரமாக வடிவமைத்துக் காட்டிய பால் மக்கிரெடி சின்ன வயசில் மாதிரி விமானங்கள் செய்து பரிசு வாங்கியவர். எல்.சி.ஆர்.ஏ.வுக்கு மூலமான லாங்-ஈஸி விமானத்தை வடிவமைத்த பர்ட் ரூட்டனும் அப்படித்தான். தன் முதல் விமானத்தின் மாதிரியைக் காரின் கூரைமேல் பொருத்தி, ரோட்டில் ஓட்டிச் சோதித்த ஆள் அவர். என்.ஏ.எல். செய்ததும் இதே வழிதான். இன்னொருவருடைய வரைபடத்தை எடுத்து, கூட்டுப்பொருளில் தாங்களே கட்டி, கட்டும்போதே தொழிலைக் கற்றுக்கொண்டார்கள். அதைக் கற்ற பிறகு வந்ததுதான் ஹன்ஸா. கிட் வாங்குவதை நான் எதிர்க்கவில்லை என்பது இப்போது விளங்கும் என்று நினைக்கிறேன். வாங்கியதோடு நின்றுவிடுவதைத்தான் எதிர்க்கிறேன்.

*

ரப்பர் விமானம் அப்படி என்னதான் கற்றுக்கொடுக்கும்?

நல்ல ரப்பரை முழுசாக முறுக்கினால், அதில் சேரும் சக்தி அந்த ரப்பரைத் தூக்கி ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் உயரத்தில் வைக்கப் போதும். கேட்க நிறைய மாதிரி இருக்கும். ஆனால் டிரோனில் இருக்கிற லித்தியம் பேட்டரியில் அதே எடைக்கு ஏறத்தாழ ஐம்பது மடங்கு சக்தி இருக்கிறது. பேட்டரி இருந்தால் கதவைக்கூடப் பறக்கவிடலாம். ரப்பரில் முடியாது. ஒரு கிராம் கூடினால் காட்டிக்கொடுத்துவிடும். இறக்கை லேசாக முறுக்கிக்கொண்டிருந்தால் காட்டிக்கொடுத்துவிடும். தப்பை மறைக்க அதனிடம் உபரிச் சக்தி இல்லை.

அதுமட்டுமில்லை. முறுக்கிய ரப்பர் ஒரே சீராக இழுக்காது. விட்ட முதல் ஓரிரு விநாடி வெறி பிடித்த மாதிரி சுற்றும், பிறகு நிதானப்படும், கடைசியில் ஓய்ந்துவிடும். முதல் வெறியில் மூக்கு மேலே தூக்கும், வேகம் செத்து விழும். அதற்காக முன்பக்கத்து விசிறியின் அச்சை இரண்டு மூன்று பாகை கீழ்நோக்கிச் சாய்ப்பார்கள், கொஞ்சம் பக்கவாட்டிலும் திருப்புவார்கள். எவ்வளவு சாய்க்கணும்? புத்தகத்தில் ஒரு தோராயம் இருக்கும். மீதியை விமானம்தான் சொல்லும், விழுந்து விழுந்து.

செய்முறை பெரிய ரகசியம் இல்லை. நல்ல உலர்ந்த மூங்கிலைப் பிளந்து சீவிய குச்சி, பட்டக் காகிதம், மைதாப் பசை. பால்சா மரம் ஈக்வடாரிலிருந்து வரவேண்டும், நம் பையன்களுக்குக் கட்டுப்படியாகாது. ஆனால் மாட்டுப் பொங்கலுக்கு மாட்டுக் கழுத்தில் கட்டுகிறோமே நெட்டி மாலை, தஞ்சாவூரில் கோயில் உருவங்கள் செய்கிறார்களே அந்த நெட்டி, அது பால்சாவைவிட லேசு. விசிறிக்கு ஐஸ்கிரீம் கப்பின் பக்கவாட்டைச் சாய்த்து வெட்டினால் வேண்டிய முறுக்கு தானாகவே வந்துவிடும். அச்சுக்கு நிமிர்த்திய ஜெம் கிளிப், உராய்வைக் குறைக்க நடுவில் ஒரு பாசிமணி. ரப்பருக்கு விளக்கெண்ணெய் தடவணும், கிரீஸும் மண்ணெண்ணெயும் படக்கூடாது. முதலில் நாலு மடங்கு இழுத்துப் பிடித்துக்கொண்டு, முறுக்க முறுக்க மெதுவாக உள்ளே வரணும், அப்போதுதான் நிறையச் சுற்று ஏறும். முறுக்குவதற்கு முன்னால் விசிறி சுற்றாமல் புல்மேல் சும்மா எறிந்து, வழுக்கிக்கொண்டு இறங்குகிறதா என்று பார்க்கணும். எல்லாம் சேர்த்து நூறு ரூபாய் தாண்டாது.

சோதனை விமானத்தை மாதிரியாகச் செய்வதில் இன்னொரு கஷ்டமும் இருக்கிறது. அசலின் அளவை அப்படியே சுருக்கினால் சாதாரணமாகப் பறக்காது. வாலை எவ்வளவு பெரிசாக்கலாம், இறக்கையை எவ்வளவு மேல்நோக்கி மடக்கலாம், எங்கே அசலுக்கு விசுவாசமாக இருக்கணும், எங்கே காற்றுக்கு விசுவாசமாக இருக்கணும் என்று ஒவ்வொரு இடத்திலும் முடிவு பண்ணணும். அந்தப் பையனுடைய எல்.சி.ஆர்.ஏ.வில் விசிறியின் எடை முழுக்கப் பின்னால். மூக்கில் களிமண் வைத்து ஈடுகட்டாவிட்டால் மல்லாந்துவிடும். முன்னிறக்கை முதலில் பிடி தளர்ந்தால் மூக்கு தாழ்ந்து விமானம் பிழைத்துக்கொள்ளும். பின்னிறக்கை முதலில் தளர்ந்தால் போச்சு. இதை எட்டு பக்கம் எழுதிப் புரியவைக்கலாம். எரிமலைக்குள் ஒருமுறை விழுந்தும் புரியவைக்கலாம்.

*

“சரி, நமக்கென்று என்ன விமானம் இருக்கிறது மாதிரி செய்ய?” என்று கேட்பீர்கள். இந்தக் கேள்வி வருகிற நிலைமைதான் எனக்குப் பெரிய துக்கம்.

1910 மார்ச்சில், ரைட் சகோதரர்கள் முதலில் பறந்து ஆறே வருஷம் ஆன நிலையில், மதராஸ் மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திய ஜாக்கோமோ டி ஆஞ்சலிஸ் என்பவர் பல்லாவரத்தில் விமானம் விட்டார். அவரே யோசித்த வடிவம். கட்டியது சிம்ப்ஸன் கம்பெனி, கோச்சு வண்டி கட்டிக்கொண்டிருந்த பட்டறை. இந்தியாவில் எஞ்சின் வைத்த விமானம் மண்ணை விட்டு எழுந்த முதல் நிகழ்ச்சிகளில் ஒன்று அது. ஓட்டல்காரர் ஐரோப்பியர். ஆனால் அந்தப் பட்டறையில் மரம் இழைத்த கை, துணி தைத்த கை, கம்பி இழுத்துக் கட்டிய கை நம்மூர்க் கையாகத்தான் இருந்திருக்கும். தமிழன் கட்டிய விமானம் என்று பெருமைப்பட இடம் தேடுகிறவர்களுக்குப் பல்லாவரம் பஸ்ஸில் போகிற தூரம். ஒரு ஃபிளெக்ஸிலாவது அதைப் பார்த்திருக்கிறீர்களா?

ஐம்பதுகளின் கடைசியிலிருந்து டெல்லியில் சிவில் விமானத்துறையின் தொழில்நுட்ப மையம் கிளைடர்களைக் கட்டியது. வைத்த பேர்களைப் பாருங்கள்: அசுவினி, பரணி, கார்த்திக், ரோகிணி. நட்சத்திர வரிசையில் போயிருக்கிறார்கள். ரேவதி என்று எஞ்சின் வைத்த விமானமும் உண்டு. ஜாதகம் பார்க்கிற வீடுகளில்கூட இந்த நட்சத்திரங்கள் பறந்த கதை தெரியாது.

பெங்களூர் ஹெச்.ஏ.எல்.லில் குர்ட் டாங்க் தலைமையில் மாருத் போர்விமானத்தை வடிவமைத்தபோது, 1959இல் எஞ்சின் இல்லாமல் முழு அளவிலேயே ஒரு மரக் கிளைடரைக் கட்டி, டகோட்டா விமானத்தில் கட்டி இழுத்துப் போய் மேலே விட்டுப் பார்த்தார்கள். அதில் கற்றுக்கொண்ட பிறகுதான் 1961 ஜூன் 17இல் ஜெட் எழுந்தது. அதற்குத் தக்க எஞ்சின் கடைசிவரை கிடைக்கவில்லை என்பது தனிச் சோகம். ஜெட் விமானம் கட்டுகிறவர்கள் மரத்தில் மாதிரி செய்து பார்த்திருக்கிறார்கள். நாம் ஒன்பதாவது படிக்கும் பையனிடம் “விளையாட்டுச் சாமான்” என்கிறோம்.

சோதனை என்ற சொல்லுக்குள் உயிர் இருக்கிறது என்பதையும் மறக்கக்கூடாது. என்.ஏ.எல்.லின் சரஸ் விமானம் 2009 மார்ச் 6 அன்று பெங்களூர் அருகே சோதனைப் பறத்தலில் விழுந்து மூன்று விமானப்படை அதிகாரிகள் இறந்தார்கள். சரஸை ரப்பரில் செய்து பார்க்கிற பிள்ளைக்கு அந்தச் செய்தி வேறு மாதிரி கேட்கும். பறப்பது எவ்வளவு சிரமம் என்று அதன் விரலுக்குத் தெரிந்திருக்கும். பாட்டன் பறந்தான் என்று ஒப்பிக்கிற பிள்ளைக்கு அந்த மூன்று பேருடைய வேலை என்னவென்றே விளங்காது.

கணியம்பாடியிலிருந்து தெற்கே பார்த்தால் தெரிகிற ஜவ்வாது மலையின் இன்னொரு பக்கத்தில் காவலூர் இருக்கிறது. வைணு பாப்பு அங்கே வானாய்வைத் தொடங்கியது தங்கள் பட்டறையிலேயே செய்த 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு. அதற்குப் பின்னால்தான் இங்கேயே வடிவமைத்துக் கட்டிய 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986இல் திறக்கப்பட்டது. பாப்பு அதைப் பார்க்க உயிரோடு இல்லை. சின்னதைக் கையால் செய்தவர்கள் பெரியதைச் செய்தார்கள். இது இதே மலையில் நடந்தது, எந்தக் காவியத்திலும் தேட வேண்டியதில்லை.

*

மறுப்புகள் எனக்குத் தெரியும்.

“வேலை டிரோனில்தான் இருக்கிறது சார், ரப்பர் பேண்டில் இல்லை.” உண்மை. ஆனால் டிரோன் வேலையிலும் இரண்டு வகை உண்டு. பட்டனை அமுக்கி வயலுக்கு மருந்து தெளிக்கிற வேலை, அந்த டிரோனை வடிவமைக்கிற வேலை. முதல் வேலையைக் குறைவாகப் பேசவில்லை. இரண்டாவதற்கு நம் பிள்ளைகள் போகவேண்டாமா? எடையின் மையம் என்றால் என்ன என்று விரலுக்குத் தெரியாதவன் அங்கே போய் என்ன செய்வான்?

“எங்கள் பெருமையில் கை வைக்காதே.” வைக்கவில்லை. பெருமையைக் கொஞ்சம் பின்னால் நகர்த்திப் பல்லாவரத்தில் வையுங்கள், காவலூரில் வையுங்கள் என்கிறேன். சிந்தாமணியைக் கவிதையாகப் படியுங்கள், அதற்கே ஓர் ஆயுள் போதாது.

“தோற்றுப்போனதுக்குப் பரிசு கொடுக்கச் சொல்றியா?” ஆமாம், அதைத்தான் சொல்கிறேன். கண்காட்சி நடத்துகிறவர்களுக்கு என் கோரிக்கை ரொம்பச் சின்னது. மேசைமேல் இருக்கிற பொருளோடு ஒரு நோட்டும் இருக்கணும். எத்தனை தடவை செய்தாய், எத்தனை தடவை கெட்டுப்போனது, ஒவ்வொரு தடவையும் என்ன மாற்றினாய் என்று தேதி போட்டு எழுதிய நோட்டு. நோட்டு இல்லாத மேசைக்குப் பரிசு இல்லை. இந்த ஒரு விதியை வைத்துப் பாருங்கள். ஃபிளெக்ஸும் கிட்டும் தானாகவே வெளியே போய்விடும்.

அந்தப் பையனிடம் அப்படி ஒரு நோட்டு இருந்தது. பழைய டைரி. சுற்று எவ்வளவு, களிமண் எத்தனை உருண்டை, எத்தனை விநாடி என்று கட்டம் போட்டிருந்தான். கண்காட்சியில் யாரும் அதைக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. பின்னால்தான் பார்த்தேன்.

*

தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், மலைக்காற்று கிளம்பும் முன்னால் நாகநதிப் படுகை மணலில் நாங்கள் கூடினோம். பையன், அவன் கூட்டாளிகள் இரண்டு பேர், நான். எல்.சி.ஆர்.ஏ. அன்று பதினாலு விநாடி பறந்தது. நான் இன்னொரு சாமான் செய்து கொண்டுபோயிருந்தேன். நெட்டியில் உடம்பு, பட்டக் காகிதத்தில் இறக்கை, பின்னால் விரித்த தோகை, அலகில் விசிறி. மயிற்பொறி.

அந்த எட்டாம் வகுப்புப் பிள்ளையும் அண்ணனோடு வந்திருந்தாள். பையன் தெருக்காரியாம். முதலில் தள்ளியே நின்றாள்.

முதல் தடவை இரண்டு விநாடி. தோகை பெரிசு, அதுவும் காற்றில் தூக்குகிறது, மூக்கைக் குத்திக்கொண்டது. தோகையின் பின்விளிம்பை மேலே வளைத்தேன், மல்லாந்தது. அலகில் களிமண் வைத்தோம், நேராகப் போய் மணலில் சொருகியது. எடுத்தோம், எறிந்தோம், ஒட்டினோம். வெயில் ஏறிவிட்டது. பதினோராவது தடவை எழுந்து, தோகை படபடக்க இடப்பக்கம் அரைவட்டம் அடித்து, சீமைக் கருவேலத்தில் போய் மாட்டியது. பையன் ‘ஒம்பது’ என்று நோட்டில் எழுதினான்.

பிள்ளை முள்ளுக்குள் கையை விட்டு அதை எடுத்து வந்தாள். ஒரு பக்கத் தோகை கிழிந்திருந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“சார், இவ்ளோ தோகை எதுக்கு? கொஞ்சம் வெட்டிட்டா இன்னும் நேரம் பறக்குமா?”

“தெரியலம்மா,” என்றேன். “வெட்டிப் பாரு.”

பையன் கத்தரிக்கோலை நீட்டினான்.